பெயருக்கு முன்னால் ஒரு நம்பர்

‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 30, நீல நிற டி-சர்ட், கருப்பு பேண்ட்’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி வரும். வேறு ஊராக இருந்தால் அந்த நாலு வரி ஏதாவது ஒரு வீட்டுக்கு வழி காட்டலாம். திருப்பூரில் காட்டாது. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது, கழித்துக் கட்டியது எல்லாம் காதர்பேட்டைக்கு வந்து குவியும். ஒரே லாட்டில் தைத்த நீல டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு ஊரில் பாதிப் பேர் திரிவார்கள். ஓர் அறைக்கு ஆறு பேர் தங்கும் இடத்தில் இவன் சட்டையை அவன் மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போவதும் சகஜம்.

செத்துப்போனவர் என்றால் மார்ச்சுவரியாவது கொஞ்சம் பொறுக்கும். உயிரோடு, நினைவில்லாமல் வருகிறவர் கதை வேறு. அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ அடிபட்டவரை 108 கொண்டுவந்து இறக்கினால், பெயருக்காக வைத்தியம் காத்திருக்காது. அது சரியான வழக்கம். சிக்கல் அதற்கப்புறம். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒருவர் பெயர் கேட்பார், ரத்தம் வாங்கும் இடத்தில் இன்னொருவர் கேட்பார், போலீஸ்காரர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். டைம் ஆபீஸில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்:

“ஏனுங்க, இவரு உங்க கம்பெனி ஆளுங்களா?”

“மூஞ்சி வீங்கிக் கெடக்குதுங்களே... நம்ம செக்கிங் பையனாட்டத்தான் இருக்குதுங்க. ரெண்டு நாளா அவனும் வேலைக்கு வரலைங்க.”

சொன்னவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. பெயர் மட்டும் ஏறிவிடும். அடுத்த தாளுக்குப் போகும்போது அது சந்தேகமில்லாத பெயராகிவிடும்.

2023 டிசம்பர் கடைசியில் புவனேஸ்வரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏ.சி. பழுதுபார்க்கும்போது வெடித்து நாலு தொழிலாளிகள் கருகினார்கள். மறுநாள் ஒருவர் இறந்தார். யார் யார் என்று அடையாளம் சொன்னது அவர்களை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்த நிறுவனம். உடலை ஒரு குடும்பம் வாங்கிப்போய் எரித்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவரின் மனைவி புத்தாண்டன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சில நாள் கழித்து, வென்டிலேட்டரில் இருந்து மீண்ட ஒருவர் தன் பெயரைச் சொன்னார். சொன்னது அந்தப் பெண்ணின் கணவர் பெயரை.

செய்தி படித்தவர்கள் அந்தப் பெண்ணுக்காக மனம் கசிந்தார்கள். எனக்கு இன்னொரு குடும்பமும் மனதைவிட்டுப் போகவில்லை. நம்ம ஆள் சிகிச்சையில் இருக்கிறார், எப்படியும் தேறிவிடுவார் என்று அவர்கள் நம்பியிருந்த நாளெல்லாம், அவர்களுடைய ஆள் வேறு யாரோ மூட்டிய சிதையில் ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தார்.

பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் இப்படி நடக்காது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 2006இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மாணவர்கள் வந்த வேன் விபத்துக்குள்ளானது. பிழைத்த ஒரு பெண்ணைத் தங்கள் மகள் என்று எண்ணி ஒரு குடும்பம் ஐந்து வாரம் படுக்கையருகே உட்கார்ந்திருந்தது. பெற்ற மகளோ முதல் நாளே இறந்து, மற்றவர்கள் கையால் புதைக்கப்பட்டிருந்தாள். முகத்தில் வீக்கமும் கட்டும். இருவருக்கும் ஒரே மாதிரி உடல்வாகு, முடி. ஒரு பெயரைக் கையில் கொடுத்துவிட்டால், பெற்ற கண்ணும் அந்தப் பெயரைத்தான் பார்க்கும். பொருந்தாதது ஏதாவது கண்ணில் பட்டாலும் தலையில் அடிபட்டதால் அப்படி என்று மனசே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

மகன் இறந்துவிட்டான் என்று ஏற்காத ஒரு தகப்பனும் உண்டு. 2023 ஜூன் 2, பாலசோர் ரயில் விபத்து. வடக்கிலிருந்து தெற்கே வேலைக்கு வருகிறவர்கள் ஏறும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ்தான் அதில் சிக்கியது. ஹவுராவிலிருந்து ஓர் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ் பிடித்து வந்தார். விபத்துக்குப் பிறகு மகன் போனில் ஈனக்குரலில் பேசியிருந்தான். மருத்துவமனைகளில் அவன் இல்லை. பிணங்களை அடுக்கியிருந்த பஹானகா பள்ளிக்கூடத்தில் தேடியபோது, ஒரு வலது கை நடுங்குவதைக் கண்டார். அது அவர் மகன். அதே விபத்தில் ஓர் உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோரி, டி.என்.ஏ. பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. யாரும் கேட்டு வராத 28 உடல்களை நாலு மாதம் வைத்திருந்து, அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி எரியூட்டியது.

ஆதார் இருக்கிறதே, விரலை வைத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். எண்ணைக் கொடுத்தால் அது இந்த ஆளுடையதுதானா என்று சரிபார்க்கத்தான் அந்த ஏற்பாடு. விரலை மட்டும் கொடுத்து ஆள் யார் என்று கேட்க முடியாது. பதிந்த கைரேகையை வெளியே பகிர 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் தரவில்லை.

பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையிலேயே பண்டலுக்கு நம்பர் சீட்டு கட்டிவிடுவார்கள். ஓவர்லாக், பேட்லாக் என்று எங்கே போனாலும் சீட்டு பிரியாது. பிராண்ட் லேபிள் பிறகுதான் ஏறும். பெயர் தெரியாத நோயாளிக்கும் அப்படி ஒரு நம்பர் போதும். மச்சம், தழும்பு, பல் என்று ஒன்றுக்கு இரண்டு அடையாளம் ஒத்துவரும்வரை பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்.

அந்த இரண்டு அடையாளத்தை யார் சொல்வது என்பதுதான் இந்த ஊரின் கஷ்டம். எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாப் பையன்களிடம் அவசரத்துக்கு வேண்டிய விவரம் எழுதி வாங்கினேன். அயர்னிங்கில் நிற்கும் ஒருவன் முழங்கையைத் திருப்பி, பாக்ஸ் சுட்ட தழும்பைக் காட்டினான். “இது அம்மாவுக்குத் தெரியாதுண்ணா, இங்க வந்தப்புறம் ஆனது” என்றான். அம்மாவுக்குத் தெரிந்தது எது என்று கேட்டேன். பேண்டை மடக்கி, சின்ன வயசில் மாமரத்திலிருந்து விழுந்த காயத்தைக் காட்டினான். ஒரே அறையில் மூன்று வருஷமாக அவனோடு படுத்து எழுந்தவன் எட்டிப் பார்த்து, “இது எப்படா?” என்று கேட்டான். இரண்டையும் எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் போன் இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் கொடுத்தான்.