கடிக்கிற கிளியும் அஞ்சேல் என்ற கையும்

பலம் உள்ளவர் பலம் இல்லாத உயிரிடம் போய், "என்னை நம்பு" என்று கேட்க என்ன உரிமை இருக்கிறது? ஸ்ரீரங்கத்தில் பிறந்து, தாத்தாவின் காலட்சேபங்களைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். சரணாகதி என்ற சொல் காதில் விழாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்வி என்னை நிஜமாகக் குடையத் தொடங்கியது, கடிக்கிற ஒரு கிளி வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அது சன் கன்யூர். தென் அமெரிக்காவின் வடகிழக்கே, கயானா, வடக்கு பிரேசில் பக்கத்துப் பறவை. வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து அந்தக் காடுகளில் இன்று அருகிப்போய்விட்டது. எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முன்பு வளர்த்த குடும்பத்தார் ஊர் மாறியபோது கூண்டோடு எங்களிடம் விட்டுப் போனார்கள். "கைய நீட்டாதீங்க மாமி, ரத்தம் வந்துரும். கிளவுஸ் போட்டுப் பிடிச்சாத்தான் அடங்கும்" என்றான் அந்த வீட்டுப் பையன். சிறகைக் கத்தரித்திருந்தார்கள். பறந்து போய்விடக் கூடாதாம்.

கடிக்கு விளக்கம் அந்தக் கத்தரித்த சிறகிலேயே இருக்கிறது. காட்டில் கிளிக்குப் பயம் வந்தால் அது செய்கிற முதல் காரியம் பறந்துவிடுவது. அலகை அது ஆயுதமாக எடுப்பது கடைசியில்தான். மற்ற நேரமெல்லாம் அலகு அதற்கு இன்னொரு கை. கிளையில் கால் வைக்குமுன் தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்த்துக்கொள்ளும். பறக்கவும் முடியாது, கூண்டில் பின்வாங்கவும் இடமில்லை என்று ஆனால் அலகு ஒன்றுதான் மிச்சம். அப்போதும் உடனே கடித்துவிடாது. கண்மணி சட்டென்று சுருங்கும், விரியும். கழுத்து இறகு சிலிர்க்கும், அல்லது உடம்பு இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு கிளி மெலிந்து தெரியும். வால் விசிறியாக விரியும். உடம்பு பின்னால் சாயும். 'வேண்டாம்' என்பதை அது இத்தனை விதமாகச் சொல்கிறது. ஒன்றையும் கேட்காமல் கை உள்ளே வந்துகொண்டே இருந்தால், கடைசி விதமாகக் கடிக்கிறது. கடித்தால் கை விலகுகிறது. மற்ற எதற்கும் விலகாத கை இதற்கு மட்டும் விலகுகிறது என்று கண்டுகொண்ட பறவை, அடுத்த முறை முன்னறிவிப்பையெல்லாம் விட்டுவிட்டு நேரே கடிக்கும். கிளவுஸ் போட்டுப் பிடிக்கிறவர்கள் அந்தக் கடைசி வழியையும் அடைக்கிறார்கள். அதற்குப் பிறகு கிளி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அடங்கிவிட்டது என்கிறார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. நம்பிக்கை விட்டுப்போன ஒரு உயிராகத்தான் தெரிகிறது.

எங்கள் ஊர்க் கோயிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாளின் திருக்கையை 'அஞ்சேல் என்ற கை' என்று சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து சேவித்து வந்த கைதான். கிளி வந்த பிறகு அதை வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது. அந்தக் கை யாரையும் பிடிக்கவில்லை. விரல் மடங்கவில்லை, முன்னால் பாயவில்லை. உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வருகிறவர் வரலாம்.

சரணாகதியைப் பற்றி எங்கள் மரபில் இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாய் தானே கவ்விக்கொள்ளும். ஜீவன் பகவானைப் பற்றுவது முன்னதைப் போலவா பின்னதைப் போலவா என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதம் செய்திருக்கிறார்கள். எங்கள் குடும்பம் பூனைப் பக்கம், அதாவது தென்கலை. ஆனால் பூனைப் பக்கத்து ஆசாரியர்களும் ஒரு நிபந்தனையை விடவில்லை. பிள்ளை லோகாசாரியர் வழியில், ஜீவனிடம் பகவான் எதிர்பார்ப்பது விலக்காமை. தூக்க வருகிற கையைத் தட்டிவிடாதிருப்பது. சிறுமியாக இருந்தபோது இது ரொம்பச் சின்ன நிபந்தனை என்று நினைத்திருந்தேன். இப்போது இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது என்று படுகிறது. விலக்காமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் விலக்கவும் முடிய வேண்டும். சர்வ வல்லமை உள்ளவன், நினைத்தால் கவ்விக்கொண்டு போகக்கூடியவன், இந்த உயிர் வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டு, அது சொல்லாமலிருக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறான். பலம் உள்ளவருக்கு நம்பிக்கையைக் கேட்கிற உரிமை வருவதென்றால் இந்த ஒரு வழியில்தான் வரும்.

எனவே கிளியிடம் நான் முதலில் செய்தது, அதன் 'வேண்டாம்' பலிக்கும்படி பார்த்துக்கொண்டது. கூண்டை நடுக்கூடத்திலிருந்து எடுத்து, முதுகுப்பக்கம் சுவர் இருக்கும்படி மூலையில் வைத்தேன். ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கும்படி துணி மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். கண்மணி சுருங்கினாலே கையை எடுத்துவிடுவேன், அலகு வரைக்கும் போகவிடுவதில்லை. கடித்துவிட்டால் கத்துவதும் இல்லை, திட்டுவதும் இல்லை. சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்தி, கம்பி வழியாக விரலால் நீட்டினேன். வாங்காவிட்டால் கம்பி ஓரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பிறகு ஒரு மெல்லிய குச்சி. அதன் நுனியை அலகால் தொட்டால் விதை. குச்சியைத் தேடிக் கிளி நடந்து வந்தது. கவனியுங்கள், அது என்னிடம் வந்தது; நான் அதனிடம் போகவில்லை. பல மாதம் கழித்து, காலுக்குச் சற்று மேலே வயிற்றோரம் விரலை நீட்டி நிறுத்தினேன். அலகால் பிடித்தது, கிளையைப் பார்க்கிற அதே பிடி. கடி என்று பயந்து இழுத்திருந்தால், தாங்காத கிளை என்று அது முடிவு கட்டியிருக்கும். விரல் அசையவில்லை. ஏறிக்கொண்டது.

இன்றைக்கும் சில நாள் ஏறுவதில்லை. அப்போது நான் போய்விடுகிறேன்.

இந்த 'அஞ்சேல்' என்பதற்கு, அதாவது அபயத்துக்கு, நம் மரபில் எத்தனை பெரிய இடம் கொடுத்திருக்கிறார்கள்! கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்விக குணங்களைச் சொல்லும்போது அபயத்தில்தான் தொடங்குகிறது. துறவு ஏற்பவர் எல்லா உயிர்களுக்கும் அபயம் தருவதாகச் சங்கல்பம் செய்கிறார். சமணர் நான்கு தானங்களில் அன்னத்தோடும் மருந்தோடும் சாத்திரத்தோடும் அபயத்தை வைத்தார்கள். அடிக்காமல் இருப்பது மட்டும் அகிம்சை ஆகிவிடாது. நம்மைப் பார்த்து இன்னோர் உயிர் ஒடுங்காமலிருக்கும்படி நடந்துகொள்வதும் அதில் சேர்ந்தது.

"கூண்டில் வைத்துக்கொண்டு அபயம் பேசுகிறாயே" என்று என் தங்கை கேட்டாள். அவள் கேட்டது நியாயம், அதற்கு முழு பதில் என்னிடம் இல்லை. கடல் தாண்டிய நாட்டுப் பறவை இனம், இது கூண்டில் பிறந்தது. திருச்சி வானத்தில் திறந்துவிட்டால் காக்கையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். அதனால் விட முடியாது. ஆனால் இனி சிறகைக் கத்தரிப்பதில்லை. கத்தரித்த இறகு உதிர்ந்து புதிது முளைத்துவிட்டது. பகலில் ஜன்னல் வலையும் மின்விசிறியும் பார்த்துக்கொண்டு கூண்டுக் கதவைத் திறந்தே வைக்கிறோம். அலமாரி மேல் போய் உட்கார்ந்துகொள்ளலாம், என்னை விட்டு விலகலாம். இவ்வளவுதான் என்னால் தர முடிந்த சுதந்திரம். இதற்குள் கிடைக்கிற நம்பிக்கையை முழு நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் கடிக்கிற கிளி இருந்தால், தயவுசெய்து கையுறையைத் தூக்கிப் போடுங்கள், சிறகை வளரவிடுங்கள், அது போதும் என்னும்போது நிறுத்துங்கள். வெளிநாட்டுக் கிளியானால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள் வாங்காமலிருப்பது நல்லது. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியை நினைக்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம்.