பார்ப்பவரும் சுமப்பவரும்

ஒரே மோட்டார் சைக்கிளில் இருவர் மலையேறுகின்றனர். பின்னால் அமர்ந்திருப்பவர் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். அடுக்கடுக்காய் எழும் பச்சை மேடுகளைப் பார்க்கிறார். மேகம் இறங்கி வந்து மரங்களின் தலையில் அமர்வதைப் பார்க்கிறார். முன்னால் அமர்ந்து ஓட்டுபவரோ தம் முன்னே கிடக்கும் சாலையையே பார்க்கிறார். வளைவில் சிதறிக் கிடக்கும் சரளைக் கல்லும், எதிரே வரும் பேருந்தின் மூக்கும், ஓரத்தில் வெடித்துப்போன தாரும்தான் அவருக்கு வாய்த்த காட்சிகள். இருவரும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் சென்றவர்கள்தாம். ஆயினும் ஒருவர் கண்ட மலையை மற்றவர் காணவில்லை. காணாதவர் தம் கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்ததனால்தான் கண்டவரால் காண முடிந்தது.

அப்படியானால் அந்த இன்பம் யாருக்குச் சொந்தம்? அதை அனுபவித்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருக்கிறாரா? பட்டிருந்தால் அந்தக் கடனைத் தீர்ப்பது எவ்வாறு? ஒரு நாள் உல்லாசப் பயணத்தைப் பற்றி இத்தனை கேள்விகளா என்று வாசகர்கள் வியக்கலாம். ஆனால், உல்லாசமாக இருக்கும் நேரத்தில்தான் மனிதன் தன்னைச் சுமப்பவர்களை எளிதில் மறந்துவிடுகிறான். ஆகவே கேள்வியை அங்கேயே கேட்பதுதான் பொருத்தம்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதி சமவெளி. கரும்பும் நெல்லும் விளையும் நிலம். இங்கே மலை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு முதல் நிலக்கரிக்காகத் தோண்டிக் குவித்த மண்மேடுகள்தாம் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலைபோல் தோன்றும். அவை மனிதன் பூமியின் வயிற்றைக் கீறி எடுத்து வெளியே போட்ட மலைகள். கடலை ஒட்டி வாழும் எங்கள் பக்கத்து மக்களிடம் ‘கணவாய்’ என்று சொன்னால் மலை இடுக்கு நினைவுக்கு வருவதற்கு முன், பரங்கிப்பேட்டைச் சந்தையில் விற்கும் மீன்தான் நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட சமவெளியில் பிறந்தவர்களுக்கு மலையின்மீது ஒரு தீராத ஆசை இருப்பது இயல்பே.

அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள எங்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது கல்வராயன் மலை. விடியற்காலையில் புறப்பட்டால் பண்ருட்டி, உளுந்தூர்ப்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையத்தை அடையலாம். அங்கே கோமுகி அணை. அதன் பின்னால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை வெள்ளிமலைக்குச் செல்கிறது. மேலே சாமை வயல்களும் மரவள்ளித் தோட்டங்களும் புளியமரங்களும் நம்மை வரவேற்கின்றன. பொழுது சாயும் முன் இறங்கத் தொடங்கினால் இரவு உணவுக்கு வீடு வந்து சேரலாம். நண்பர் ஒருவர் வண்டியை ஓட்ட, பின்னால் அமர்ந்து இந்த வழியே சென்று வந்தபோதுதான் மேலே சொன்ன கேள்விகள் எனக்குள் எழுந்தன.

மலைச்சாலையில் இருசக்கர வண்டியை ஓட்டுவது என்பது இடைவிடாத கவனம். கொண்டை ஊசி வளைவை நெருங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது வண்டி உட்பக்கமாகச் சாய வேண்டும். சாயாமல் அது திரும்பாது. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி, அதையே அழுத்திக்கொண்டு வந்தால், சூடேறி அதன் பிடிப்புக் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள், “ஏறிய கியரிலேயே இறங்கு” என்று சொல்வார்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இத்தனையையும் செய்பவர் பள்ளத்தாக்கை எட்டிப்பார்ப்பது எப்படி? அவர் ஒரு நொடி அழகில் மயங்கினால், இருவருக்குமே ஆபத்து. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஓட்டுபவரின் கவனம் எத்தகைய செல்வம் என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

பின்னால் இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வளைவில் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாய்பவர், தம்மை அறியாமலே வண்டியின் சமநிலையைக் குலைக்கிறார். ஓட்டுபவர் சாயும் பக்கம் தாமும் சாய்ந்து, அவர் நிமிரும்போது தாமும் நிமிர வேண்டும். நம்பிக்கை என்பதை இதைவிடத் தெளிவாக உடலால் காட்டும் இடம் வேறில்லை. உயிரை ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைத்த பிறகு, வளைவுக்கு வளைவு அதைத் திரும்பக் கேட்கலாகாது அன்றோ?

பாதி மலையில் ஒரு வளைவின் ஓரம், அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினோம். வழியெல்லாம் நான் கண்டவற்றை நண்பரிடம் அடுக்கிக்கொண்டே போனேன். அணையின் நீர் கண்ணாடித் துண்டுபோல் மின்னியதையும், வெகு கீழே ஓர் ஊரில் எழுந்த புகையையும் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புன்னகையோடு கேட்டிருந்தார். பிறகு, “நீங்கள் சொல்வதையெல்லாம் நான் பார்க்கவில்லை பாய். ஆனால் எத்தனை வளைவில் மணல் கிடந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்” என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார், அவ்வளவே. அங்கிருந்து மேலே நான் ஓட்டுவது என்று முடிவாயிற்று.

ஓட்டுபவருக்கும் தனி இன்பம் உண்டே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஒரு வளைவைச் சீராக எடுத்து முடிக்கையில் கைக்கும் கண்ணுக்கும் கிடைக்கும் நிறைவு சிறியதன்று. தச்சன் இழைப்புளியில் காணும் இன்பமும், ஓடக்காரன் துடுப்பில் காணும் இன்பமும் அத்தகையவையே. ஆனால் சுமப்பவருக்கு அவருடைய தொழிலில் இன்பம் கிடைக்கிறது என்பதனால், சுமக்கப்பட்டவரின் கடன் தள்ளுபடியாகி விடாது. சமைப்பவர் சமையலை விரும்பிச் செய்கிறார் என்பதற்காக, உண்டவர் நன்றி சொல்லாமல் எழுந்துபோகலாமா?

“பாதைக்கு முன் தோழன்” என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. வழியைத் தேடுமுன் வழித்துணையைத் தேடு என்பது இதன் கருத்து. துணை என்றால் பேச்சுத்துணை என்றே நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். கடினமான வழியில் துணையின் பொருள் அதைவிட ஆழமானது. பதினான்காம் நூற்றாண்டின் உலகப் பயணி இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டபோது துணையின்றித் தனியே கிளம்பியதாகத் தம் நூலில் குறிப்பிடுகிறார். பின்னாளில் தமிழகத்துக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர் அவர். இந்தியாவுக்கு வரும் வழியில் அவர் இந்துகுஷ் மலைக் கணவாயைக் கடக்க நேர்ந்தது. பனியில் ஒட்டகங்களின் கால் புதைந்துவிடாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்து, அவற்றின்மேல் நடக்கச் செய்தார்களாம். உலகம் இப்னு பதூதாவை நினைவில் வைத்திருக்கிறது, அது முறையே. ஆனால் உறைபனியில் குனிந்து, அத்துணியை விரித்து, ஒட்டகம் கடந்ததும் எடுத்து, மீண்டும் முன்னே விரித்த கைகள் யாருடையவை? அவர்கள் மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒட்டகத்தின் அடுத்த அடியைத்தான் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நம் மலைச்சாலைகளே வேறாகத் தெரிகின்றன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனைக்கு, சாலை அமைத்த லோம் என்ற ஆங்கிலேயரின் பெயர் வழங்குகிறது. கொடைக்கானலுக்கு ஏறும் சாலைக்கு மேஜர் லா என்பவரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளையோ நாம் எண்ணி எண்ணி மகிழ்கிறோம். வளைவுக்கு எண் இருக்கிறது. திட்டமிட்டவருக்குப் பெயர் இருக்கிறது. பாறையைப் பிளந்தவருக்கும், கூடையில் கல் சுமந்தவருக்கும் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. காட்சிமுனையில் நின்று பார்க்கிறோமே, அந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு தரையை அமைத்தவர்கள் அவர்கள்தாம்.

கடன் இத்துடன் முடிவதில்லை. நமக்குக் காட்சியாக இருக்கும் அந்த மலை, இன்னொருவருக்கு வீடு. கல்வராயன் மலையின் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகைக்குக் கீழ் வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகு, 1976இல்தான் அம்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பின், கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வழக்கில் முதன்மையாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று சாலை. நாம் உல்லாசமாக வளைந்து ஏறும் அதே சாலைதான். அங்குள்ள மக்களுக்கு அது மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நியாயவிலைக் கடைக்கும் செல்லும் வழி.

சாலை இல்லாத மலையில் என்ன நேரும் என்பதை 2023ஆம் ஆண்டு மே மாதம் நாடு கண்டது. வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டியது. முறையான பாதை இல்லாத மலையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே அக்குழந்தை இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேற்கொண்டு செல்ல வழியின்றிப் பாதியில் இறக்கிவிட, தாய் தன் குழந்தையின் உடலைக் கைகளில் ஏந்தியபடி கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தாள். அவளைச் சுற்றிலும் அதே பச்சை மேடுகள் இருந்திருக்கும்; அதே மேகம் இறங்கியிருக்கும். அவள் அவற்றைப் பார்த்திருப்பாளா?

இதைப் படிக்கும் சிலர், “அப்படியானால் மலைக்கே போகக்கூடாதா? அழகைப் பார்த்து மகிழ்வது குற்றமா?” என்று கேட்கக்கூடும். குற்றம் அன்று. நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தத் தாயின் சுமை ஒரு பிடியளவும் குறையப்போவதில்லை. அழகை வெறுப்பது எந்தக் கடனையும் தீர்க்காது. குற்ற உணர்ச்சியும் அத்தகையதே. பலருக்கு அது கடனைக் கொடுக்காமலே கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் வசதியான வழியாகிவிடுகிறது. அழகைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளனைப் போல் பெறாமல், கடனாளியைப் போல் பெற வேண்டும். இதுவே நான் சொல்ல விரும்புவது.

கடனாளி எப்படி நடந்துகொள்வான்? முதலாவதாக, தன்னைச் சுமப்பவரின் கவனத்தைச் சிதறடிக்க மாட்டான். “அதோ பாருங்கள்” என்று ஓட்டுபவரின் தோளைத் தட்ட மாட்டான். இரண்டாவதாக, முறை வரும்போது இடம் மாறிக்கொள்வான். ஓட்டத் தெரியாதவர் என்ன செய்வது? நல்ல இடம் கண்டால் நிறுத்தச் சொல்லலாம். ஓட்டியவர் கண் நிறையப் பார்க்கும்வரை புறப்பட அவசரப்படாதிருக்கலாம். மூன்றாவதாக, மலையில் வாழ்வோரின் ஊருக்குள் நுழையும்போது, பிறர் வீட்டு முற்றத்தில் நுழையும் அடக்கம் அவனிடம் இருக்கும். ஹாரனை அலற விடமாட்டான். குப்பையை விட்டுவர மாட்டான். கொண்டுசெல்லும் பணத்தில் ஒரு பகுதியை அங்கு விளைந்த சாமைக்கும் புளிக்கும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருவான். நான்காவதாக, கீழே வந்தபின் மறக்க மாட்டான். மலைச் சிற்றூர்களுக்குச் சாலை வேண்டும் என்ற குரல் எழும்போது, அது யாருடைய கவலையோ என்று இருந்துவிடமாட்டான். அந்தச் சாலையின் இன்பத்தைச் சுவைத்தவன் அல்லவா அவன்?

மலைச்சாலைக்கென்றே ஒரு விதி உண்டு. 1989இல் நம் நாட்டில் வகுக்கப்பட்ட சாலை ஒழுங்குமுறைகளிலும் அது இடம்பெற்றிருந்தது. இரு வண்டிகள் தாராளமாகக் கடந்துசெல்ல அகலம் போதாத செங்குத்தான வழியில், மேலிருந்து இறங்கி வருபவர் ஓரமாக நின்று, கீழிருந்து ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறுகிற வண்டி இடையில் நின்றுவிட்டால் மறுபடி நகர்வது கடினம் என்பதே இதற்குக் காரணம். இது எஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி. எனினும் இதனுள் ஒரு நீதி அடங்கியிருக்கிறது. உச்சியைக் கண்டு நிறைவோடு இறங்குகிறவன், இன்னும் சுமையோடு ஏறுகிறவனுக்காகத் தன் வேகத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். பெற்றவன் பெறாதவனுக்கு வழிவிட வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது எதிரே வரும் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். விறகுக்கட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வருவார். நெரிசலில் படிக்கட்டுவரை ஆள் நின்றபடி சிற்றுந்து ஒன்று முனகிக்கொண்டு ஏறும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓரமாக நடந்து வருவாள். அவர்களுக்கு எந்தச் சட்டப்பிரிவையும் நினைக்காமல் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினின் ஓசையைத் தணித்து, அவர்கள் கடந்துபோகும்வரை காத்திருக்க நம்மால் முடியுமானால், அன்று நாம் கண்ட அழகுக்குச் சிறிதளவேனும் விலை கொடுத்திருக்கிறோம் என்று கொள்ளலாம். மீதிக் கடனை ஊர் திரும்பிய பின் கொடுக்க வேண்டியிருக்கிறது.