நினைவு நாணயமும் உடைமையும்

கைமாறுதற்கென்றே ஆக்கப்பட்ட பொருளொன்றைக் கைமாறாது பூட்டிவைத்தோன் எதனை உடையனாவான்? நினைவு நாணயந் தொகுப்பாரை நோக்கி எழும் வினா இது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1892 முதல் 1954 வரை நினைவு அரை டாலர்கள் பல அச்சிடப்பெற்றன. அவை 12.5 கிராம் எடையுடையன. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1930களில் சிறு நகரங்களும் தத்தம் ஆண்டு நிறைவுக்கு இவற்றை வேண்டிப் பெற்றன. செல்லும் நாணயமேயாயினும், செலவானது மதிப்புக் குறையும். கைபடாததே விலை ஏறும். வேடிக்கைதான்!

நியூயார்க்கு மாநிலத்து ஹட்சன் 1785இல் நகராயிற்று. அதன் 150ஆம் ஆண்டுக்கு 1935இல் அச்சிட்டவை ஏறத்தாழ 10,000. அவற்றுட் பெரும்பகுதியை வணிகர் மொத்தமாகக் கொண்டனர். பின்வந்தோர் பன்மடங்கு விலை தந்தே பெற்றனர். ஊரார் விழாவின் நினைவு ஊரார்க்கு எட்டாதாயிற்று.

அற்றேல், தொகுப்பார் காத்திலரேல் அவை இன்று தேய்ந்தும் உருகியும் ஒழிந்திருக்குமன்றோ எனின், உண்மையே. காத்தலை யாம் குற்றமென்றிலேம். நினைவிற் பங்கு எதனால் வரும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இல்லினாய் மாநிலத்து எல்ஜின் நகரின் நூறாம் ஆண்டு 1935; நாணயம் வந்ததோ 1936இல். முதற்குடியேறினோர்க்குச் சிற்பி ரோவெல்ஸ்டாட் கருதிய சிலைத்தொகுதிக்குப் பொருளீட்டலே அதன் நோக்கம். அரை டாலர் நாணயம் ஒன்றரை டாலருக்கு விற்கப்பட்டது. அச்சிட்ட 25,000இல் விலைபோகாத 5,000 உருக்கப்பட்டன. சிற்பி 1990இல் மறைந்தார். சிலை நிறுவப்பெற்றது 2001இல்.

இங்கு வாங்கினோன் கையில் நின்றது அரை டாலர். அவன் மிகையாகத் தந்தது ஒரு டாலர். அவனுக்கு அந்நினைவிற் பங்கு தந்ததனால் வந்தது, வைத்ததனால் அன்று. மறுநாளே அந்நாணயத்தைக் கடையிற் கொடுத்து ரொட்டி வாங்கியிருப்பினும் அப்பங்கு குறைந்திராது. மறுவிலை கருதி வாங்கினோனும் அவ்வொரு டாலரைத் தந்தானே எனின், தந்தான்; ஆயின் ஈகையாகவன்று, வாணிகத்துக்கு இட்ட முதலாகத் தந்தான். சிலை எழாதொழியினும் அவனுக்கு இழப்பில்லை.

அச்சிலையின் உருவே, தாயின் கையிற் குழவியோடு, அந்நாணயத்தின் பின்புறத்தில் முன்னரே பொறிக்கப்பட்டிருந்தது. 65 ஆண்டுகள் அதனைப் பெட்டியினின்று எடுத்தெடுத்து நோக்கினாருள், இஃது ஊரில் எழுந்ததோ என்று வினவினார் எத்துணையர்?