யாருடைய ராசி?

திங்கட்கிழமை காலை 8 மணிக்கு நேர்காணல். திங்கள் ராகுகாலம் 7:30 முதல் 9 வரை. தினசரிக் காலண்டர் தொங்கும் வீடுகளில் இதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால் 7 மணிக்கே பெண்ணை விடுதியிலிருந்து கிளப்பியாகிவிட்டது. மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சற்றுத் தள்ளி நடைபாதையில் நிற்கிறாள். "கிளம்பின நேரம்தாண்டி கணக்கு, உள்ள போற நேரம் இல்ல" என்று திருச்சியிலிருந்து அம்மா ஃபோனில் தைரியம் சொல்கிறாள். ஃபோனும் பையும் உள்ளே போகாது. ஃபோன் அண்ணன் கைக்கு மாறுகிறது. கூடவே, சாமி பாதத்தில் வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழமும். நியூ ஜெர்சியில் அப்போது ஞாயிறு இரவு 9:30. அவள் கணவன் அமெரிக்கன்; பிறப்பால் கத்தோலிக்கன், இப்போது எதிலும் நம்பிக்கை இல்லாதவன். மாமியார் சொன்னாள் என்பதற்காகக் காலையில் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறான்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை இல்லை. ஊர் பேரை மாற்றினால் பல வீடுகளுக்குப் பொருந்தும். காலண்டர் கணக்கை மட்டும் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம். 7:30 என்பது சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட பொதுக் கணக்கு. ஜனவரியில் மும்பையில் சூரியன் உதிக்க 7:10 ஆகிவிடும். பகலை எட்டாகப் பங்கிட்டு திங்களுக்கு உரிய இரண்டாம் பங்கை எடுத்தால், ராகு வருவது எட்டரைக்கு மேல். சரியாக அவள் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நிற்கிற நேரம். இதை அம்மாவிடம் சொல்லலாமா கூடாதா என்பது நம் கேள்வி இல்லை. நம் கேள்விக்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி.

நம் கேள்வி இது. கணவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளும் கல்லூரிக் காலத்திலேயே விட்டுவிட்டாள். இருந்தும் இரண்டு பேரும் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். ஓர் எலுமிச்சம்பழத்தில் என்ன குடி முழுகிப்போகிறது என்பது இருவர் பதிலும். அந்தப் பதில் நியாயமானதுதானா?

முதலில் பயத்துக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். காரணமில்லாமல் வந்த பயம் இல்லை அது. அமெரிக்கக் குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போடுகிறான். அது ஏற்கப்படவே மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருஷத்தைத் தாண்டுவதும் சகஜம். பிறகு கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்குப் போகிறது. கட்டணம், படிவம், போலீஸ் சான்று, கணவனின் வருமான வரித் தாள்கள், மருத்துவப் பரிசோதனை. எல்லாம் முடிந்தபின் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியோடு சில நிமிடங்கள். அவர் மறுத்துவிட்டால் போய்க் கதவைத் தட்ட நீதிமன்றம் அநேகமாக இல்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்யோஸ் வழக்கில் இதைத்தான் உறுதிப்படுத்தியது. அந்த வழக்கில் எல் சால்வடாரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டிருந்தது. அவர் ஒரு குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்பது அதிகாரியின் முடிவு. அந்த முடிவுக்கு வர எடுத்துக்கொண்டவற்றில் கணவர் உடம்பில் குத்தியிருந்த பச்சையும் ஒன்று. பச்சையில் குவாடலூப்பே மாதா இருந்தாள், சிக்மண்ட் ஃபிராய்ட் இருந்தார். 6-க்கு 3 என்ற கணக்கில் வழக்கு மனைவிக்கு எதிராக முடிந்தது; கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகளான மனைவியின் அடிப்படை உரிமை ஆகாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. சகுனம் பார்ப்பது திருச்சியில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை போலிருக்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். கரையோரக் காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் ஓதுவதில்லை. அங்கே மீன் நிச்சயம், ஆபத்து இல்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் ஓதுகிறார்கள். விசா நேர்காணல் ஆழ்கடல். ஹைதராபாத்துக்கு வெளியே உஸ்மான் சாகர் ஏரிக்கரையில் உள்ள சில்கூர் கோவிலில், வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, நிறைவேறிவிட்டால் 108 சுற்று. அந்தப் பெருமாளுக்கே 'விசா பாலாஜி' என்று பெயர் விழுந்துவிட்டது. ஜலந்தர் பக்கம் தல்ஹண் கிராமத்துக் குருத்வாராவில் பொம்மை விமானத்தைக் காணிக்கையாக வைத்து வந்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் காயலில் மீன் பிடித்தவர்களாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே அம்மாவின் எலுமிச்சம்பழத்துக்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. மகள் படிவம் நிரப்புகிறாள், மருமகன் வரித்தாளை ஸ்கேன் செய்கிறான், மகன் விமானச் சீட்டு போடுகிறான். அம்மாவுக்கு இந்த விவகாரத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை. கவலை மட்டும் மற்ற மூவரைவிடக் கூடுதல். தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்தவீட்டுக்கு அழைத்து வந்து ஒரு மாதம் வைத்திருப்பது வழக்கம். அந்த மாதத்தில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமே என்ற பயம். இந்தப் பெண் வந்து இரண்டாவது ஆடியும் போய்விட்டது, இன்னும் திரும்பிப் போகவில்லை. தெருவில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனது அம்மாதான். அவள் கையிலிருந்து ஒரு பழத்தை வாங்கி வைத்துக்கொள்வதைப் பொய் என்று சொன்னால், மனிதர்களுக்கு நடுவே உண்மையாக வாழ்வதே முடியாத காரியமாகிவிடும். வணக்கம் சொல்கிற ஒவ்வொரு தடவையும் மனசார வணங்கியா சொல்கிறோம்?

இதுவரை எலுமிச்சம்பழத்தின் பக்கம். ஆனால் 'சும்மா செய்துவிட்டுப் போவோமே' என்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. பழம் ஒரு கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம். விசா கிடைத்துவிட்டால் வரவு அர்ச்சனைக்கு, எலுமிச்சைக்கு, ஏழு மணிக்குக் கிளம்பிய சாமர்த்தியத்துக்கு. கிடைக்காவிட்டால்? சாமியின் பெயரில் யாரும் பற்று எழுதுவதில்லை. காலண்டர் போட்ட கம்பெனியின் பெயரிலும் எழுதுவதில்லை. பற்று எழுதுவதற்கென்றே வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற ஒரே சொலவடை போதும், எந்தப் பக்கம் பற்று விழும் என்று காட்ட. ஒரே நட்சத்திரம், ஆணுக்கு அரியணை, பெண்ணுக்கு அழிவு. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, கேட்டைப் பெண் மைத்துனனுக்கு ஆகாது என்று ஊர் வைத்திருக்கிற பட்டியலில், மாப்பிள்ளையின் நட்சத்திரம் யாருக்கு ஆகாது என்ற வரியைத் தேடிப் பார்க்கலாம்.

சொந்தச் சாதியில், ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணத்தில் ஒன்று தவறினால் ஜோசியரைத் திட்டவாவது வழி உண்டு. வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அதுவும் கிடையாது. பொருத்தம் பார்க்கவில்லை; அவனுக்கு ஜாதகமே இல்லை. ஆகவே கணக்கில் ஜாதகம் உள்ள ஒரே ஆள் அவள். தாமதமானால் அவளுடைய சனி, மறுத்தால் அவளுடைய செவ்வாய். "அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?" என்ற வாக்கியம் எங்கேயோ ஓர் அத்தையின் வாயில் தயாராகக் காத்திருக்கிறது. பழத்தை வாங்கிப் பையில் வைத்தபோதே, இந்தக் கணக்குப் புத்தகம் செல்லும் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். அவன் போடும் கையெழுத்து இன்னும் வலுவானது. நம்பாத ஒருவன், அதுவும் அமெரிக்காக்காரன், அர்ச்சனை செய்தான் என்றால் ஊருக்கு அது எத்தனை பெரிய சாட்சி!

இங்கேதான் கலாசார மரியாதை என்ற நல்ல குணம் வழுக்கி விழுகிறது. அவனுக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது. பூசணிக்காய் உடைப்பதும் திருஷ்டி கழிப்பதும் அவன் நண்பர்களுக்குச் சொல்ல நல்ல கதைகள். அவன் ஊரிலும் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை, பெண்ணைக் கல்யாண உடுப்பில் பார்க்கக் கூடாது. பழையது ஒன்று, புதியது ஒன்று, இரவல் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று என்று பெண் அணிந்துகொள்ள வேண்டும். அங்கே அவற்றைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டாகச் செய்கிறார்கள். நீலநிற நாடா கட்ட மறந்ததால் கணவனுக்கு வேலை போனது என்று அங்கே பெண்ணை யாரும் வாசலில் நிறுத்திவைத்துப் பேசுவதில்லை. அதே விளையாட்டுத்தான் இதுவும் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். மனைவியின் கலாசாரத்தை மதிப்பதாக எண்ணி, அவள் பத்து வருஷமாகச் சண்டை போட்டு வெளியே தள்ளிய ஒன்றுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறான். அவளும் வாய் திறப்பதில்லை. ஒட்டமாட்டான் என்று ஊர் சொன்ன ஆள் அம்மாவோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டானே என்ற சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

சில இடங்களில் செலவு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மதம் வேறான இந்த இருவரும் இந்தியாவில் சட்டப்படி மணம் செய்துகொள்ள, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்து பதிவு செய்கிறார்கள். பதிவாளர் கொடுத்த தேதி அஷ்டமியில் விழுகிறது. "அது வெறும் கையெழுத்து, கல்யாணம் முகூர்த்தத்தன்னிக்குத்தான்" என்று வீட்டில் முடிவாகிறது. பத்திரிகையில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி. உறவினர் யாராவது கேட்டால் சான்றிதழ் தேதியைச் சொல்லக் கூடாது என்று கட்டளை. சட்டத்துக்கு அந்தக் கையெழுத்துத்தான் கல்யாணம். மணமாகி 2 வருஷம் நிறையாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் நிபந்தனையோடு கூடிய 2 வருஷ அட்டை, நிறைந்திருந்தால் 10 வருஷ அட்டை. மணமான அந்த 2 வருஷத்தை எண்ணுவது கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "எப்போது திருமணம்?" என்று கேட்கும்போது, ஒன்றரை வருஷமாக ஒரு தேதியை மறைத்தே பழகிய நாக்கு ஒரு விநாடி தடுமாறும். பொய்க் கல்யாணங்களைப் பிடிப்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ஒரு விநாடி போதும். பழம் பையில் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தேதி அப்படி இல்லை. அதன் செலவை நம்பிக்கை வைத்தவர்கள் கட்டுவதில்லை. சன்னல் முன் நிற்கிறவள் கட்டுகிறாள்.

அப்படியானால் மறுத்துவிட வேண்டியதுதானா? பகுத்தறிவு பேசுகிறவர்கள் உடனே ஆம் என்பார்கள். தயக்கம் வருவது அவனை நினைத்தால்தான். பிறநாட்டு மருமகன் தமிழ் வீட்டுக்கு வந்து எது மூடநம்பிக்கை என்று பாடம் எடுத்தால் அதில் ஒரு பழைய வாடை அடிக்கும். பாதிரிமாரும் கலெக்டர் துரைமாரும் பேசிய பேச்சின் வாடை. வீட்டாருக்கு அது உடனே மூக்கில் ஏறும், ஏற வேண்டியதும்தான். ஆனால் அவன் வெளியாள் என்பது பாதி உண்மை. பெண்ணைக் கட்டியவன் ஊருக்கு வெளியாளாக இருக்கலாம். அவள் தலையில் விழப்போகிற பழிக்கு வெளியாள் இல்லை. பழக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பழியைப் பற்றிப் பேசாமல் இருக்க உரிமை உண்டா? மற்ற யாரைவிடவும் குறைந்த விலையில் அதைப் பேசக்கூடியவன் அவன். அவள் சொன்னால் அடங்காப்பிடாரி, அண்ணன் சொன்னால் தங்கைக்குப் பரிந்துகொண்டு வருகிறவன். மாப்பிள்ளை சொன்னால் வீடு ஒரு நிமிஷமாவது கேட்கும். மாப்பிள்ளை என்ற நாற்காலியை உண்டாக்கி வைத்ததும் அதே ஊர்தான். ஆகவே அவன் அர்ச்சனை செய்யட்டும், தேங்காயும் உடைக்கட்டும். நேர்காணலுக்கு முன்னால், முடிவு தெரிவதற்கு முன்னால், ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: என்ன நடந்தாலும் இதில் அவள் ராசி என்று ஒன்று கிடையாது. பின்னால் சொன்னால் அது ஆறுதல். ஆறுதலுக்கும் கணக்கை மாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொன்ன மாத்திரத்தில் யார் மனமும் மாறிவிடாது. குறைந்தபட்சம், பழி சொல்ல வாயெடுக்கிறவர் மாப்பிள்ளையின் பேச்சைத் தாண்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும்.

காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் வெளியே வருகிறாள். கையில் ஒரு சீட்டு. 221(ஜி) பிரிவின்படி முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. சமீபத்திய வருஷத்துக்கான வரித்தாள் தேவை. அமெரிக்காவிலிருந்து அவன் அனுப்பியிருக்க வேண்டிய தாள் அது. அண்ணன் ஃபோனை நீட்டுகிறான், அம்மா லைனில் காத்திருக்கிறாள். நியூ ஜெர்சியும் அதே அழைப்பில் சேர்ந்துகொள்கிறது.

"நான் அப்பவே நினைச்சேன், உனக்கு இப்ப ஏழரை நடக்குது..."

"அத்தை," என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவன் குறுக்கிடுகிறான், "பேப்பர் என்னோடது. நான் அனுப்பல."

கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்கிறாள், அந்தத் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டுமா, கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிடலாமா என்று.