முடியாத தண்டவாளம்

எச்.ஓ. அளவு மாதிரி ரயிலில் 87 அடி நிஜம் ஒரே அடியாகச் சுருங்கிவிடும். அதற்குச் செலவாகும் மாலைப்பொழுதுகள்தான் சுருங்குவதில்லை. மேசைமேல் தண்டவாளம் பதிக்க ஒரு ஞாயிறு போதும். அதன் இடுக்குகளில் பொடிச் சரளையை ஸ்பூனால் தூவி, தூரிகையால் ஒதுக்கி, சொட்டுச் சொட்டாகப் பசை விடுவதற்குள் வாரங்கள் போய்விடும். காய்வதற்குள் விரல் பட்டதோ, மறுபடி முதலிலிருந்து. 'எப்போதுதான் முடியும்?' என்பது வீட்டாரின் கேள்வி. கட்டுகிறவர் அதைக் காதில் வாங்குவதே இல்லை; அடுத்த மலைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருப்பார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சி 2001-இல் திறந்தது. அங்கே குட்டி இத்தாலி வந்து சேர 2016 ஆயிற்று, மொனாக்கோவுக்கு 2024. ரயில்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தன.