ஊருக்குச் சொல்வதும் ஆளுக்குச் சொல்வதும்

"மதுரைக்குப் போறேன், சாப்பிட நல்ல கடை ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், கூட யார் வருகிறார்கள், கறி சாப்பிடுவீர்களா, காரம் தாங்குமா என்று நாலு கேள்வி திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குச் சில சமயம் எரிச்சல் வரும். ஒரு கடைப் பேரைச் சொல்வதற்கு இத்தனை விசாரணையா என்பார். ஆனால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் வந்து இறங்குகிறவருக்குக் கறி தோசையைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? அந்த நேரத்துக்கு அவருக்கு வேண்டியது ஆவி பறக்கும் இட்லியும், கேட்கக் கேட்க ஊற்றும் சட்னியும், நல்ல காபியும். முழங்கால் வலிக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவரை, மாடிப்படி ஏறி இடம் பிடிக்கிற கடைக்கு அனுப்பலாமா?

சாப்பாட்டு ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. நீ எங்கே சாப்பிட்டாய், அதை வீட்டில் எப்படிச் செய்தாய். இந்தக் கொடுக்கல் வாங்கலில் காசு புழங்குவதில்லை. ஆனாலும் இதில் ஒரு பொறுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நம் பேச்சைக் கேட்டு ஒருவர் தன் பசியையும், பையில் இருக்கும் பணத்தையும், வெளியூரில் கிடைத்த ஒரே சாயங்காலத்தையும் ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். அதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது?

சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கல்லில் ஊற்றுகிற மாவு ஊத்தப்பக் கனத்துக்கு இருக்கும். அது பாதி வெந்ததும் மேலே முட்டையை ஊற்றிப் பரப்புவார்கள். மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளி அதன்மேல் வைத்து, சுற்றிலும் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு அழுத்துவார்கள். கறி கல்லில் பட்டு ஓரம் முறுகும்போது ஒரு வாசனை கிளம்பும். பக்கத்து மேசையில் சாப்பிட்டு முடித்தவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஒன்று தின்றாலே வயிறு அடைத்துவிடும். ஆகவே கடையின் பேரைச் சொல்லும்போதே, "வழியில எதையும் கொறிச்சுட்டுப் போயிடாதீங்க, வெறும் வயித்தோட போங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொன்னதாகும்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவுக்கும் இப்படி ஒரு துணைக்குறிப்பு உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும். சரக்குத் தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். காலை பத்து மணிக்குப் போய் நின்றவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சுடச்சுட இலைத்துண்டில் வாங்கி, நெய் விரலில் வழிய நின்றபடி தின்பது ஒரு ருசி. அதையே பொட்டலமாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து மறுநாள் தின்பது இன்னொரு ருசி. எதை மனசில் வைத்துப் புகழ்கிறோம் என்பதை விட்டுவிட்டால், கேட்டவர் மறுநாள் ருசியைத் தின்றுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்பார். அவர் மேல் குற்றமில்லை.

இப்படி ஆள் பார்த்து, வழி சொல்லி அனுப்புகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகையே இதற்காக இருக்கிறது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார் என்று சொல்வதுதான் அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் பாதி நூல்கள் ஆற்றுப்படைகள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகிற வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாக வரும். கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்ந்த குழல்மீனும் கள்ளும். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் ஆமான் கறியும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். அந்தந்த நிலத்தில் விளைவதும் கிடைப்பதும்தான் அந்தந்த ஊரின் சிறப்பு உணவாக வருகிறது. இன்று ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊர்ச் சரக்கைச் சாப்பிடு என்று நாம் சொல்வதும் அதையேதான்.

அந்த நூலில் என்னை மிகவும் நிறுத்துகிற இடம் வேறு. பரிசு பெறுவதற்கு முன் பாணன் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பதும் அதில் சொல்லப்படுகிறது. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறார்கள். வழி சொல்கிறவனின் பேச்சுக்கு இந்தக் கீரையிலிருந்துதான் வலு வருகிறது. எதிரே வருகிறவனின் பசி எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். தான் தின்ற சோறும் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்தவன் சொல்லும் வார்த்தை என்பதால் அது வெறும் புகழ்ச்சியாக நின்றுவிடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு முறையும் உலகில் பேர் வாங்கியிருக்கிறது. மோட்டார் டயர் செய்கிற மிஷ்லின் நிறுவனம், காரில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக 1900-இல் பிரான்சில் ஒரு கையேடு போட்டது. ஆட்கள் அதிகம் ஊர் சுற்றினால் டயர் அதிகம் தேயும் என்பது கணக்கு. 1926-இல் அது நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அதன் பரிசோதகர்கள் தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். முகம் தெரியாததால் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு. பாணன் சொல்லுக்கோ முகம் தெரிவதால் மதிப்பு. இரண்டிலும் ஒழுங்கு இருக்கிறது. இன்று கைபேசியில் நாம் பார்க்கும் நட்சத்திரக் கணக்கில் இந்த இரண்டுமே இல்லை என்பதுதான் சங்கடம். சாம்பார் ஆறியிருந்தது என்று ஒருவர், வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒருவர், சர்வர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இன்னொருவர் குறைத்துப் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து நாலே கால் என்று ஓர் எண் நிற்கும். சாம்பார் எப்படி என்று அந்த எண்ணிடம் கேட்க முடியாது.

ஊருக்கெல்லாம் சொல்லப்பட்ட ருசி கடைசியில் பலகையாகிவிடுகிறது. எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பெரிய எழுத்தில் மின்னுகிறது. பித்தளை டபரா டம்ளரும் உண்டு. கலப்பில்லாத பசும்பால், அப்போது அரைத்த தூள், பொறுமையாக இறங்கிய முதல் டிக்காஷன் ஆகியவற்றால் கிடைத்த பேர் அது. பேர் மட்டும் பயணம் செய்து வந்துவிட்டது, பால் வரவில்லை. 'செட்டிநாடு' என்ற பேருக்கும் இதே கதிதான். மிளகாய்த்தூளைக் கொட்டிக் கண்ணில் நீர் வரவழைப்பதெல்லாம் செட்டிநாடு ஆகிவிட்டது. கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் அளவறிந்து விழுகிற ஒரு காரைக்குடி வீட்டுக் குழம்பை ருசித்தவர்களுக்கு அந்தக் காரம் புதிதாக இருக்கும்.

சமையல் குறிப்புக்கும் இது பொருந்தும். எங்கள் அத்தை கும்பகோணத்துக்காரர். கடப்பா செய்வதில் அவர் கைப்பக்குவம் தனி. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்துச் செய்கிற, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் நிற்கிற பதார்த்தம் அது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இட்லிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பார்கள். ஒருநாள் செய்முறை கேட்டு அவருக்குப் போன் செய்தேன். பருப்பு இவ்வளவு, தேங்காய் இவ்வளவு என்று ஆரம்பிப்பார் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை பேருக்கு?"

"நாலு பேருக்கு, அத்தை."

"இட்லிக்கா, தோசைக்கா?"

"இட்லிக்கு."

"அப்ப கொஞ்சம் தண்ணியாவே இறக்கிடு. அடுப்புல இருக்கும்போது என்னடா இது ரசம் மாதிரி இருக்குன்னு தோணும். தோணட்டும். ஆறினா பருப்பும் பொட்டுக்கடலையும் இழுத்துக்கிட்டுத் தானா கெட்டிப்படும். சின்னவ காரம் தின்பாளா?"

"மாட்டா."

"பச்சை மிளகாயை அரைக்காதே. கீறிப் போடு, அவளுக்கு ஊத்தறப்ப எடுத்துடலாம். கசகசாவை வெந்நீர்ல ஊறப்போட்டு அரை, இல்லேன்னா உன் மிக்ஸியில நறநறன்னு நிக்கும்."

அளவை அவர் கடைசியில்தான் சொன்னார், அதுவும் கைப்பிடிக் கணக்கில். அச்சில் வருகிற குறிப்பில் இருக்கும் எல்லாச் சாமான்களும் அவர் சொன்னதிலும் இருந்தன. கூடுதலாக இருந்தவை எங்கள் மிக்ஸி, எங்கள் வீட்டுக் குழந்தையின் நாக்கு, இட்லி தட்டில் விழுகிற நேரம். அன்றைக்குக் கடப்பா நன்றாக வந்ததற்கு இவைதான் காரணம்.

அப்படியானால் புத்தகத்தில் சமையல் சொல்லவே முடியாதா? முடியும் என்பதற்கு 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' சாட்சி. உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் செய்முறை எழுதிக் கொடுத்துவந்தவர் அவர். இதைப் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று தூண்டியவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி அய்யர். ஆழாக்கும் பலமுமாக அளவு சொன்ன அந்தப் புத்தகம் கல்யாணச் சீரோடு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனது. அதன் வெற்றியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எழுதியவர் மனத்தில் ஒரு பெண் இருந்தாள். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாமல், முதல் முறையாகத் தனியாக அடுப்பு முன் நிற்கிற பெண். ஆயிரக்கணக்கானவர்கள் படித்தாலும் அவர் பேசியது அந்த ஒருத்தியிடம்தான். ஆளை மனத்தில் நிறுத்தி எழுதினால், அச்சிட்ட பக்கமும் அத்தையின் போன் போலப் பேசும்.

சொல்லாமல் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. செய்முறையில் ஒரு சாமானை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிற பெரியம்மாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களை நான் கேலி செய்வதில்லை. வாழ்நாள் முழுவதும் அடுப்படியில் நின்றவருக்கு, "அவங்க வச்சாத்தான் அது வத்தக்குழம்பு" என்ற ஒரு பேர்தான் சொத்து. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைகளை ரகசியமாக வைத்துக்கொள்கிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. கூட்டம் வந்தால் ருசி கெட்டுவிடும், ஆகவே யாரிடமும் சொல்லாதே என்பார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக, ஐந்தாறு மேசை போட்டு நடத்துகிற மெஸ்ஸை எண்ணிப் பாருங்கள். எரிவாயு சிலிண்டரும் வாடகையும் அவர்கள் தலையில். கூட்டம் வேண்டாம் என்று முடிவு செய்ய நாம் யார்? நம் ரகசியத்தை வைத்து அவர்களால் வாடகை கட்ட முடியாது. சொல்ல வேண்டும், அவர்களுக்குத் தாங்கும்படி சொல்ல வேண்டும். பெரிய கும்பலோடு போகாதீர்கள், ஒன்றரை மணிக்கு மேல் போனால் மீன் தீர்ந்துவிடும், சோறு இரண்டாம் தடவை கேட்டால் சந்தோஷமாகவே போடுவார்கள் என்று.

இதில் நமக்குள் ஒளிந்திருக்கிற ஒரு வீம்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்குப் பிடித்ததை அடுத்தவருக்கும் பிடிக்கவைக்க வேண்டும் என்கிற வீம்பு. திண்டுக்கல்லின் சீரகச் சம்பா பிரியாணியா, ஆம்பூரின் வற்றல் மிளகாய் விழுது பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயுமா என்று ஆரம்பித்தால் நண்பர்களுக்குள் முகம் சிவந்துவிடும். இரண்டு ஊர்க்காரர்களும் ருசிக்காக மட்டும் சண்டை போடுவதில்லை. சின்ன வயதில் யாரோடு, எந்தக் கல்யாணத்தில், எவ்வளவு பசியில் சாப்பிட்டார்களோ அதற்காகவும் சேர்த்துத்தான். பசி ருசி அறியாது என்பார்கள். முதல் ருசியைப் பசிதான் தேர்ந்தெடுக்கிறது என்றும் சொல்லலாம். அந்தப் பசியை அடுத்தவருக்குக் கடன் கொடுக்க வழியில்லை. ஆகவே நாம் அனுப்பிய கடையிலிருந்து திரும்பி வந்தவர், "பரவால்ல, ஆனா எனக்கு அவ்வளவாப் பிடிக்கலை" என்றால் நாக்கு இல்லாதவர் என்று அவரைத் தள்ள வேண்டியதில்லை. எது பிடிக்கவில்லை என்று கேட்கலாம். புளிப்பு அதிகமா, எண்ணெயா, சத்தமா? அடுத்த முறை அவருக்குச் சொல்வதற்கான குறிப்பு அந்தப் பதிலில் இருக்கும்.

இதனால் இப்போதெல்லாம் என் பதில் சுருங்கிவிட்டது. கடைகளின் பட்டியலை அனுப்புவதில்லை. கேட்கிறவரைப் பொறுத்து ஒரு கடை, அங்கே ஒரு பண்டம், போக வேண்டிய நேரம், தவிர்க்க வேண்டிய ஒன்று. அவ்வளவுதான். செய்முறை கேட்டால் அடுப்பு என்ன, ஆள் எத்தனை, குழந்தை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக, போய்வந்து எப்படி இருந்தது என்று மறக்காமல் சொல்லச் சொல்கிறேன். அப்படிச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. "அதே தெருவுல ரெண்டு கடை தள்ளி ஒரு பாட்டி பணியாரம் சுடுறாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று நான் விசாரிக்க ஆரம்பிப்பேன்.