ஒரு கோப்பைக் காப்பி

நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். காப்பி கொண்டுவந்து வைக்கிறோம். "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். அவர் போன பிறகு நம் மனம் என்ன பாடுபடுகிறது! பாலில் குறையா, பாத்திரத்தில் குறையா, அல்லது நம்மிடமே ஏதாவது குறையா என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருக்கிறோம். அவர் மறுத்தது காப்பியை மட்டும் அல்ல என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்படி மறுக்கப்பட்ட காப்பி ஒன்றைப் பற்றி என் நண்பரின் மகள் சொன்னாள். அவள் அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலை பார்ப்பவள். அங்குள்ள திருச்சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஏழை நாடு ஒன்றுக்குப் போவார்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி வீடு கட்டுவார்கள், பள்ளிக்கு வெள்ளையடிப்பார்கள், குழந்தைகளுக்கு வேதக் கதை சொல்லுவார்கள், திரும்பிவிடுவார்கள். அவள் சபையார் போனது நடு அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸுக்கு. அங்கே கழித்த ஒரு நாளை மட்டும் அவள் எனக்கு விவரித்தாள்.

காலையில் ஜெபம். பிறகு மலைச் சரிவில் இருந்த ஒரு குடியிருப்புக்குப் பயணம். ஓர் ஏழை அம்மாளுக்கு இரண்டு அறை வீடு எழுந்துகொண்டிருந்தது.

"எங்களில் ஒருவருக்கும் கொத்து வேலை தெரியாது, மாமா. வரிசையாக நின்று சிமென்ட் கல்லைக் கை மாற்றிக் கொடுத்தோம். நான் ஆசைப்பட்டு நாலு கல் வைத்தேன். அந்த ஊர்க் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நாலையும் பெயர்த்தெடுத்துத் திரும்ப வைத்தார். எங்களுக்கு வேலை கொடுப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது" என்று சிரித்தாள்.

அப்புறம் அவள் சிரிக்கவில்லை. பிற்பகலில் வீட்டுக்கார அம்மாள் அடுப்பு மூட்டினாளாம். அண்டை வீட்டில் சர்க்கரை இரவல் வாங்கி வந்ததை இவள் பார்த்திருக்கிறாள். தட்டில் வந்த கோப்பைகளில் ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. அவையும் நாலு வீட்டில் வாங்கியவை. ஆனால் குழுத் தலைவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: கொண்டுபோன புட்டித் தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒவ்வொருவராகப் புன்னகையோடு தலையை அசைத்தார்கள். இவளும் "நோ, கிராசியாஸ்" என்றாள். கொத்தனார் மட்டும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். தட்டு உள்ளே போய்விட்டது.

அன்றிரவு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கொடுக்க வந்த நாங்கள் கொடுத்ததைவிட அதிகமாகப் பெற்றுக்கொண்டோம் என்று உருக்கமாகச் சாட்சி சொன்னாராம்.

"எனக்குச் சுருக்கென்றது, மாமா. அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு பொருள். அதையும் வேண்டாம் என்றுவிட்டோமே! அடுத்த வருஷமும் கூப்பிடுகிறார்கள். போகலாமா, கூடாதா?"

கணக்குப் பார்ப்பவர்கள் 'கூடாது' என்றுதான் சொல்லுவார்கள். 1998-ஆம் ஆண்டு மிட்ச் என்ற பெரும்புயல் நடு அமெரிக்காவில் 11,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அதன்பின் ஹோண்டுராஸில் வீடு கட்டப் பல சபைக் குழுக்கள் போயின. அந்நாட்டிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் அறிஞர் அதை ஆராய்ந்து 2006-இல் எழுதினார். பயணச் செலவு உள்பட, வந்தவர்கள் கட்டிய வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு கட்டியதற்குச் சுமார் 2,000 டாலர். அதற்கும் முன்பே, 1968-இல், மெக்சிகோவுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்ற பாதிரியார், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற கருத்தை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. கல்லும் சாந்தும்தான் நோக்கம் என்றால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். நேரில் போவதற்கு உள்ள ஒரே நியாயம், மனிதர் மனிதரைச் சந்திப்பதுதான். அந்தச் சந்திப்பு பிற்பகலில் ஒரு தட்டில் வந்தது. அதைத்தான் இவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

குழுத் தலைவரைக் குறை சொல்லுவது சுலபம். பழகாத ஊர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுத்தால் அந்த ஏழைகளுக்கே பாரம் என்று அவர் அஞ்சியிருப்பார். ஆனால் தளதளவென்று கொதித்த காப்பிக்குமா அந்தப் பயம்? கொடுப்பவனுக்கு, தான் கடன்படக் கூடாது என்ற ஓர் எண்ணம் உள்ளூர இருக்கிறது. கொடுக்கும் கை மேலேயே இருக்க விரும்புகிறது.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக வகுத்தார். ஈகையில் இல்லாதவன் வாங்கிக்கொள்ளுகிறான். விருந்திலோ எவ்வளவு பெரிய செல்வனும் இலைமுன் உட்கார்ந்து, பரிமாறுவதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அம்மாள் இவர்களுடைய ஈகையை ஏற்றாள். இவர்கள் அவளுடைய விருந்தை ஏற்கவில்லை.

இது அவர்களுடைய வேதத்துக்கும் புதிதல்ல. லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் ஏசுநாதர் எழுபது பேரை ஊர் ஊராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம், போன வீட்டில் எதை வைக்கிறார்களோ அதைச் சாப்பிடுங்கள் என்பதே அவர்களுக்கு இட்ட கட்டளை. புட்டித் தண்ணீரோடு அவர் யாரையும் அனுப்பவில்லை.

இதையெல்லாம் அவளிடம் உபதேசமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் மகளுக்குச் சென்ற ஆண்டு கல்யாணம். போனேன், மொய் எழுதினேன், கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். "சாப்பிட்டுவிட்டுப் போங்கய்யா" என்று அவள் இலையைக் காட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வயிறு அன்று நன்றாகத்தான் இருந்தது.

"போய் வா, அம்மா" என்றேன். "ஆனால் கல் சுமக்கப் போகாதே. அந்தக் கூலியைக் கொத்தனாருக்கு அனுப்பிவிடு. கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போ. அந்த அம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நீயாகவே ஒரு வாய் காப்பி கேள்."

"கேட்கலாமா, மாமா? தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டார்களா?" என்றாள் அவள், தயக்கத்தோடு.

வீடு கட்டிக் கொடுக்கப் போனபோது அவளுக்கு இந்தத் தயக்கம் வரவே இல்லை.